ஆறு முதல் பன்னிரண்டு வரை: உறுப்பினர் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒரு கணக்கு

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் சங்கங்களின் நகைக்கடன் பேரேட்டில் ஒரு மாறுதல் காணப்படும். பங்குனி, சித்திரையில் திருமணச் செலவென்றும், ஆடி, ஆவணியில் உழவுச் செலவென்றும், நூல் கொள்முதல் என்றும் வரும் விண்ணப்பங்கள் ஜூன் முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒரே காரணத்தைக் கூறும். ‘குழந்தையின் படிப்பு’ என்பதே அக்காரணம். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துச் சங்கங்களை ஆய்வு செய்துவரும் நான் இதனை ஆண்டுதோறும் கண்டு வருகிறேன். கடனைக் கட்ட வல்லவரா, நகை அசலா, எடை சரியா என்று பார்ப்பது எங்கள் வேலை. எந்தக் குழந்தை, எந்த வகுப்பு, எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்கு என்று கேட்பது எங்கள் வேலையன்று எனப் பல்லாண்டு நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு என்று உணர்த்திய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அதிலிருந்தே இம்மாதப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார் தம் மூன்று சவரன் சங்கிலியைச் சங்கத்தில் அடகு வைத்தார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு வரை அருகிலிருந்த அரசுப் பள்ளியில் பயின்று நல்ல மதிப்பெண் பெற்றவள். அப்பள்ளியின் மேல்நிலைப் பிரிவில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. அவ்வமயம் ஒரு தனியார் பள்ளி, ‘நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை, பாதிக் கட்டணம் போதும்’ என்று வீட்டிற்கே ஆள் அனுப்பியது. எந்தத் தாய்தான் மறுப்பாள்? சங்கிலி பெட்டகத்திற்குச் சென்றது. பெண் பதினோராம் வகுப்பிற்குத் தனியார் பள்ளிக்குச் சென்றாள்.

2024-இல் அவள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தாள். அங்கே ‘புதுமைப் பெண்’ திட்டத்திற்கு விண்ணப்பம் கொடுத்தபோது, அரசுப் பள்ளியில் பயின்றதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ச்சி வேண்டுமென்று கூறிவிட்டனர். அவ்வாண்டுச் சங்க ஆய்விற்கு நான் சென்றிருந்தபோது, வட்டி கட்ட வந்திருந்த அத்தாய் என்னிடம் கேட்டார்:

“பத்தாவது வரைக்கும் கவர்மெண்டு ஸ்கூல்லதானே சார் படிச்சா? அந்த அஞ்சு வருசம் கணக்குலயே வராதா?”

வராது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து ஆகிய ஐந்து வகுப்புகளும் அரசுப் பள்ளியில்தான் கழிந்தன. எனினும் கடைசி இரண்டு வகுப்புகள் வேறிடத்தில் கழிந்தமையால், முன்னைய ஐந்தும் பயனற்றுப் போயின. இதை அந்த அம்மையாருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏனெனில் 2022-ஆம் ஆண்டுப் பேரேட்டில் அக்கடனைச் சரிபார்த்துக் குறியிட்டவன் நானே. அரசுப் பள்ளி மாணவர்க்கான இட ஒதுக்கீடு அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே சட்டமாகியிருந்தது. பெண்களுக்கான உதவித் தொகையும் அவ்வாண்டு மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டிருந்தது. நாளிதழில் படித்திருந்தேன். ஆயினும் படித்த செய்தியும் பார்த்த விண்ணப்பமும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

நெசவாளர் அன்பர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பாவு ஓடும்போது ஓரிழை விட்டுப் போயின், அக்குறை அந்த ஓரிடத்தோடு நிற்பதில்லை. துணி முடியுமட்டும் கோடாகத் தெரியும். ஊடையில் நேர்ந்த குறையையோ அங்கேயே பிரித்துச் சரி செய்யலாம். அரசின் கல்வி உதவிகள் பலவற்றில் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான ஏழு வகுப்புகள் பாவு போன்றவை. இடையிலோ இறுதியிலோ ஓராண்டு விட்டுப் போயினும் அது கடைசி வரை காணும். எனவே எந்தெந்த உதவிக்கு இத்தொடர்ச்சி வேண்டும், எதற்கு வேண்டா என்பதை முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலாவது, 2020-ஆம் ஆண்டுச் சட்டம். மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர் சேர்வது மிகவும் அருகிவிட்டது கண்டு, ஓய்வு பெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில் தமிழக அரசு ஆணையம் ஒன்றை அமைத்தது. அவ்வாணையம் பத்து விழுக்காடு பரிந்துரைத்தது. அரசு 7.5 விழுக்காட்டை ஏற்றுச் சட்டம் இயற்றியது. இதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளில், 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சட்டம் வந்த முதலாண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலுமாக ஏறத்தாழ 400 இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்க்குக் கிடைத்தன. நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும். ஒதுக்கீட்டினால் தேர்வு நீங்கிவிடவில்லை என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.

2021-இல் இவ்வொதுக்கீடு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நம் உறுப்பினர் வீடுகளுக்கு உண்மையில் மிகவும் பயன்படக் கூடியது இப்பகுதியே என்பது என் கருத்து. மருத்துவராவோர் சிலரே. வேளாண்மைப் பட்டதாரியாகவும் பொறியாளராகவும் ஆகத்தக்க பிள்ளைகள் நம்மிடையே பலர் உளர். இவ்வொதுக்கீட்டின்கீழ்ச் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அப்போதே அறிவிக்கப்பட்டது. தனியார் பொறியியற் கல்லூரியொன்றில் நான்காண்டுக் கட்டணம் எவ்வளவாகும் என்பதை, அதற்காகவும் நகை வைத்த உறுப்பினர்கள் அறிவார்கள்.

இச்சட்டத்தில் அரசுப் பள்ளி என்பது மாநில அரசின் துறைகளும், ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் பள்ளிகளையே குறிக்கும். ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலைகளையும் பாதுகாப்புத் துறையையும் ஒட்டிக் கேந்திரிய வித்யாலயங்கள் பல உள. அவையும் ‘அரசுப் பள்ளிதானே’ என்று கருதி ஏமாந்தோரை நான் அறிவேன். அவை நல்ல பள்ளிகளே. ஆயினும் இச்சட்டத்தின் கணக்கில் அவை சேரா. அரசு உதவி பெறும் பள்ளிகளும் இவ்வொதுக்கீட்டில் சேர்க்கப்படவில்லை.

இரண்டாவது, மாத உதவித் தொகை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் அமைந்த புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் சென்னையில் தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று, பட்டப் படிப்பு, பட்டயப் படிப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அவரவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது அதன் ஏற்பாடு. மூன்றாண்டுப் பட்டப் படிப்பிற்குக் கணக்கிட்டால் 36,000 ரூபாய் ஆகிறது. மேற்சொன்ன அம்மையார் வைத்த கடனின் அசலில் பெரும்பகுதியை இது தீர்த்திருக்கும். ஆண் மாணவர்களுக்கு இதே போன்ற ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டு 9-ஆம் நாள் கோவையில் தொடங்கிற்று. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற பெண்களுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2024-ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்டது. உதவி பெறும் பள்ளியில் பயில்வோர் இதற்கு உரியர், 7.5 விழுக்காட்டிற்கு உரியர் அல்லர் என்ற வேறுபாட்டைக் கவனிக்க. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு தவறுவோர் பலர்.

மூன்றாவது, பள்ளியில் படிக்கும் பொழுதே கிடைப்பது. எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதி உதவித் தேர்வில் தேறிய மாணவர்க்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டிற்கு 12,000 ரூபாய் தரப்படுகிறது. மத்திய அரசின் இவ்வுதவி அரசு, உள்ளாட்சி, உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்க்கே உரியது. இடையில் தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும். இத்தேர்வைப் பற்றி எட்டாம் வகுப்பு ஆசிரியரிடம் கேட்கும் பெற்றோர் மிகச் சிலர். கேட்டவர் பிள்ளைக்கு ஆசிரியர் மாலையில் உட்காரவைத்துப் பயிற்சி அளித்ததை நான் கண்டிருக்கிறேன்.

தமிழ் வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வினத்தைச் சார்ந்ததே. பட்டப் படிப்பை மட்டும் தமிழில் படித்துவிட்டு முன்னுரிமை கோருவதைத் தடுக்கும் பொருட்டு, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழி இருத்தல் வேண்டும் எனப் பின்னர் திருத்தம் வந்தது. ஆங்கில வழியா, தமிழ் வழியா என்று முடிவு செய்யும் நாளில் இதையும் ஒரு பக்கத்தில் எழுதிவைத்துப் பார்ப்பது நன்று.

நிற்க. தனியார் பள்ளியில் பயின்றும் மேற்படி உரிமைகளை இழவாத ஒரு வழியும் உண்டு. அதை அறிந்தவர் மிகக் குறைவு. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்க்குக் கட்டணமின்றித் தருதல் வேண்டும். இவ்வாறு சேர்ந்த குழந்தை எட்டாம் வகுப்பு வரை கட்டணமின்றிப் படிக்கலாம். அச்சட்டத்தின் எல்லை எட்டாம் வகுப்பு. அதன் பின்னர் அரசுப் பள்ளிக்கு வந்து ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பயிலுமானால், 7.5 விழுக்காட்டிற்கும் புதுமைப் பெண் உதவிக்கும் அக்குழந்தை உரிமை உடையதாகவே கருதப்படும். எட்டாம் வகுப்பு முடிந்ததும், ‘இனிக் கட்டணம் கட்டுங்கள்’ என்று பள்ளி கேட்குங்கால், மேற்கொண்டு நான்காண்டுக்கு நகை வைப்பதா, அரசுப் பள்ளிக்கு மாறுவதா என்று திகைக்கும் பெற்றோர் இவ்விதியை நினைவிற் கொள்க. கட்டணம் கட்டி அதே தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்து, ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கோ இவ்வுரிமை இல்லை. நியாயமா என்று கேட்டால் எனக்கும் ஐயம் உண்டு. கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவரும் ஏழைதான். ஆயினும் விதி அவ்வாறிருக்கிறது.

இந்த 25 விழுக்காட்டுச் சேர்க்கையிலும் எல்லா ஆண்டும் ஒரே சீராக நடந்ததில்லை. மத்திய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி 2024–25-இல் தமிழகத்திற்கு விடுவிக்கப்படாமல் நின்றதனால் எழுந்த பிணக்கில், 2025-ஆம் ஆண்டுச் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவில்லை. நிதி விடுவிக்கப்பட்ட பின்னர் அக்டோபரில்தான் நடைபெற்றது. சர்க்கார்கள் இரண்டிற்கும் இடையே நேர்ந்த பிணக்கின் சுமை நான்கு வயதுக் குழந்தையின் மேல் விழுந்தது.

இனி, பெற்றோர் ஏன் அரசுப் பள்ளியை விட்டு விலகுகின்றனர் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். அவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் இயற்பியல் ஆசிரியர் இல்லாத பள்ளியில் அறிவியல் பிரிவு படிக்கப் போகும் மகளை எவ்வாறு விட்டுவைப்பது? ஆங்கிலம் பேச வரவில்லையே என்னும் அச்சம், கழிவறை தூய்மையாக இல்லை என்னும் மனக்குறை, பக்கத்து வீட்டுப் பிள்ளை பேருந்தில் ஏறிப் போவதைப் பார்க்கும் ஏக்கம் ஆகிய இவை எல்லாம் உண்மையானவை. 2012–13 முதற்கொண்டே அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருவாரியாகத் தொடங்கப்பட்டிருந்தும், அது இல்லை என்று எண்ணியே விலகுவோரும் உளர்.

ஒரு சங்கத்தில் குறை காணும் உறுப்பினருக்கு இரண்டு வழிகள் உண்டு. பங்குத் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறலாம். அன்றி, பொதுக்குழுவில் எழுந்து நின்று கேட்கலாம். பள்ளியைப் பொறுத்தமட்டில் நாம் முதல் வழியை மட்டுமே அறிந்திருக்கிறோம். இரண்டாம் வழியும் நம் வட்டாரத்திற்குப் புதிதன்று.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் ஆகியவற்றைக் கடந்தால் கடம்பத்தூர் வரும். திருவள்ளூரை அடுத்துள்ள திரூர் என்னும் சிற்றூரில்தான், 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்படி நாட்டின் முதல் வேளாண்மைக் கடன் சங்கம் பதிவாயிற்று என்பதைக் கூட்டுறவாளர் யாவரும் அறிவர். அதே பாதையில் சில கல் தொலைவிலுள்ள கடம்பத்தூரில், 1958-இல் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் முன்னோடியாகத் தொடங்கிற்று என்பதை அறிந்தவர் குறைவு. அப்போது முதலமைச்சர் காமராசர். பொதுக் கல்வி இயக்குநராயிருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. இவரும் அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவரே.

அவ்வியக்கத்தின் முறை நம் சங்க முறையை ஒத்தது. முதலில் ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன வேண்டும் என்று பட்டியல் எடுத்தார்கள். கரும்பலகை, பலகை, மணி, கடிகாரம், தண்ணீர்ப் பானை, கூரை, சுற்றுச்சுவர், விளையாட நிலம் எனச் சிறிது பெரிதாக எல்லாம் எழுதப்பட்டன. பின்னர் மாநாடு கூட்டி, ஊரார் முன்னிலையில் அப்பட்டியலைப் படித்தார்கள். இன்னது நான் தருகிறேன் என்று ஒருவர் எழுந்தார், அடுத்தவர் இன்னொன்று சொன்னார். பணம் இல்லாதவர் உழைப்பைக் கொடுத்தார். கடம்பத்தூரில் கண்ட பயனைக் கொண்டு மாநிலமெங்கும் அத்தகைய மாநாடுகள் நடைபெற்றன.

பகலுணவும் அவ்வாறே தொடங்கிற்று. 1956-இல் ஊரார் நன்கொடையால் நடந்துவந்த பள்ளிப் பகலுணவிற்கு, 1957 நவம்பர் முதல் அரசு பங்கு தர முன்வந்தது. ஒரு சாப்பாட்டிற்கு 10 காசு என்று கணக்கிட்டு, அதில் 6 காசு அரசும் 4 காசு ஊராரும் தருவது ஏற்பாடு. 1982 ஜூலை முதல் சத்துணவுத் திட்டமாக அரசே முழுச் செலவையும் ஏற்றது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. ஊரகத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு அது விரிந்தது 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாளன்று. அவ்விழா நடந்த இடம் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரி. ஊரார் தந்த அந்த 4 காசு இன்று தேவையில்லை. ஆனால் 4 காசு தந்த காலத்தில் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஊரார் பள்ளிக்கு வந்தார்கள். காசு நின்றதோடு வருகையும் நின்றுவிட்டது என்பதே என் வருத்தம்.

சீருடையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அணியும் விலையில்லாச் சீருடைத் துணி, விசைத்தறி, கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நெய்யப்பட்டுக் கோ-ஆப்டெக்ஸ் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்டு வருகிறது. தைப்போர் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தார். பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் சீருடைக்கான தேவையும் குறையும், சங்கத்தின் தறிகளுக்கு வேலையும் குறையும். நெசவாளர் ஒருவர் தம் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து விலக்குவது, தம் துணியை வாங்குபவரை விலக்குவதாகவும் ஆகிறது. இதற்காகப் பிள்ளையை அங்கே சேர்க்க வேண்டுமென்று நான் கூறவில்லை. பிள்ளையின் படிப்பைவிடத் தறி பெரிதன்று. 1953-இல் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி மூன்று மணி நேரம் மட்டும் என்றும் மிகுதி நேரம் பெற்றோர் தொழிலைக் கற்க என்றும் வகுத்தபோது, அதை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி எழுந்து, 1954-இல் அது கைவிடப்பட்டது. நெசவாளர் மகன் நெசவாளனாகலாம், ஆகாமலும் இருக்கலாம். அதை அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

கடம்பத்தூர் மாநாட்டின் இடத்தில் இன்றுள்ளது பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதனை அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு இக்குழுக்கள் எல்லாப் பள்ளிகளிலும் புதிதாக அமைக்கப்பட்டன. அப்போது 20 உறுப்பினர், அவர்களுள் 15 பேர் பெற்றோர். 2024-இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு எண்ணிக்கை 24 ஆயிற்று. பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுத்தல், சத்துணவைக் கண்காணித்தல், இடைநின்ற பிள்ளைகளை மீட்டல், வரவு செலவைப் பார்த்தல் ஆகியன இதன் கடமைகள். உதவி பெறாத தனியார் பள்ளியில் இத்தகைய குழு சட்டப்படி இல்லை. அங்கே கட்டணம் செலுத்துபவர் வாடிக்கையாளர், இங்கே பெற்றோர் உறுப்பினர்.

குழுவின் கைக்கு எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு சான்று போதும். 2022 ஜூலையில், காலியாயிருந்த ஆசிரியர் இடங்களில் தற்காலிகமாக ஆட்களை அமர்த்தும் பொறுப்பு இக்குழுக்களிடமே விடப்பட்டது. முதுநிலை ஆசிரியர்க்கு மாதம் 12,000 ரூபாய் தொகுப்பூதியம். இவ்வேற்பாட்டைக் குறை கூறியோர் உண்டு. நிலையான நியமனத்திற்கு இது ஈடாகாது என்று அவர்கள் கூறியதில் நியாயம் இருந்தது. ஆயினும் அவ்வாண்டுப் பிள்ளைகளுக்கு அவ்வாண்டே ஆசிரியர் வேண்டுமன்றோ? நான் முதலிற் கூறிய பெண் விட்டுச் சென்ற அதே பள்ளியில், அவள் சென்ற மூன்றாம் மாதம் குழுவின் முயற்சியால் இயற்பியல் ஆசிரியை ஒருவர் வந்து சேர்ந்தார். அவளுடன் பத்தாம் வகுப்பு படித்து அங்கேயே தங்கிய மாணவி ஒருத்தி 7.5 விழுக்காட்டில் பொறியியற் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். இருவரும் ஒரே தெருவில் வசிப்பவர்கள். மதிப்பெண்ணில் முதற்கூறியவளே முந்தியவள்.

ஆசிரியை வருவார் என்று ஜூன் மாதத்தில் யாரும் உறுதி கூறியிருக்க முடியாது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பள்ளியிலும் வருவதுமில்லை. எனவே தனியார் பள்ளிக்குச் செல்வதே தவறு என்று இப்பாடத்தை யாரும் பொருள் கொள்ளலாகாது. செல்வதற்கு முன் என்ன இழக்கிறோம் என்று தெரிந்து செல்ல வேண்டும். பாதிக் கட்டணம் என்று சொன்ன பள்ளி இழக்கப் போகும் மறுபாதியைச் சொல்லாது. அதைச் சொல்லுதல் அதன் வேலையுமன்று.

தாள்களைப் பற்றியும் ஒரு சொல். உரிமை இருந்தும் தாள் இல்லாமையால் நின்றுபோகும் விண்ணப்பங்கள், உரிமை இல்லாதவற்றிற்கு எண்ணிக்கையில் குறைந்தனவல்ல என்று கல்லூரி அலுவலர் ஒருவர் என்னிடம் கூறினார். பள்ளிப் பதிவேட்டில் ‘செல்வி’, ஆதாரில் ‘செல்வீ’, வங்கிப் புத்தகத்தில் தலையெழுத்தே வேறு. நம் சங்கப் பேரேட்டிலும் இக்கூத்து உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தும் ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் மாறிமாறி நின்று, பங்குத் தொகை வாரிசுக்குப் போகாமல் கிடப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். பிள்ளை ஆறாம் வகுப்பு சேரும் நாளிலேயே இவற்றை ஒப்பிட்டுத் திருத்திவிடுவது எளிது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் அச்சான பின்னர் திருத்துவது ஒரு தவம். சமூகச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்னும் சான்று ஆகியன இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறத்தக்கவை. தொழிற்படிப்பில் கட்டணச் சலுகைக்கு உதவும் முதல் பட்டதாரிச் சான்றைக் குடும்பத்தில் ஒருவரே பயன்படுத்தலாம். எனவே எந்தப் பிள்ளைக்கு அதைப் பயன்படுத்துவது என்பதையும் வீட்டில் கலந்து முடிவு செய்க. மாணவியின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். தாயின் கணக்கு போதாது.

கல்வி உதவிகளின் விதிகள் அரசாணையால் ஆண்டுக்காண்டு மாறக் கூடியவை. மேலே நான் கூறியவை அவை தொடங்கிய ஆண்டுகளில் வகுக்கப்பட்டபடியும் பின்னர் விரிந்தபடியும் ஆகும். சேர்க்கைக்கு முன் தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டு, அவ்வாண்டு விதியைத் தெரிந்துகொள்வதே முறை.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெசவாளர்கள் 1844-இல் தம் சங்கத்தைத் தொடங்கிய சில ஆண்டுகளில், ஆதாயத்தில் இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கென ஒதுக்கி, நூலகமும் படிப்பகமும் அமைத்தனர். நம் சங்கங்களும் நிகர ஆதாயத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்தியே வருகின்றன. அதற்கு மேல் ஒரு காசு செலவின்றிச் செய்யத்தக்க ஒன்றை நான் ஆய்வு செய்யும் சங்கங்களின் செயலாளர்களிடம் கூறியிருக்கிறேன். நகைக்கடன் விண்ணப்பத்தில் ‘படிப்புச் செலவு’ என்று எழுதும் உறுப்பினரிடம், பிள்ளை எந்த வகுப்பு முடித்தது, இதுவரை எந்தப் பள்ளி, இனி எந்தப் பள்ளி என மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். விடை ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று வந்தால், கடனை மறுக்க வேண்டியதில்லை. இப்பக்கத்தைக் கையில் கொடுத்து, ஒருநாள் கழித்து வருமாறு சொல்லலாம். ஒரு சங்கத்தின் எழுத்தர் சென்ற ஜூன் முதற்கொண்டு இதனைச் செய்து வருகிறார். “சார், இதுக்கெல்லாம் நமக்கு எங்க நேரம்” என்று முதலில் கூறியவரும் அவரே.

அந்த அம்மையாரின் இளைய மகன் இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. ஏப்ரல் மாதத்தில், ஐந்தாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் முடிக்கும் பிள்ளைகளையுடைய உறுப்பினர்களை அழைத்து, அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரையும் மேலாண்மைக் குழுத் தலைவியையும் வைத்து, சங்கக் கட்டிடத்திலேயே ஒரு மாலைக் கூட்டம் நடத்த ஏற்பாடாகியிருக்கிறது. வருவோர் பிள்ளையின் பள்ளிப் பதிவு எண், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை உடன் கொண்டுவரின், பெயரெழுத்துகளை அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.